ஏழூர்கொண்டானின் தாய் பெயர்

செங்கழுநீர்மங்கலத்தில் தான் கட்டிய சிவன் கோயிலிலேயே ஒரு மூலையில் எண்ணூற்றுச் சொச்சம் வருஷமாகக் கைகூப்பி நின்றுகொண்டிருந்த ஏழூர்கொண்ட கண்டராயன் என்ற கல் அரசன், ஆனி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பீடத்தைவிட்டு இறங்கி, வவ்வால் எச்சமும் பழைய எண்ணெய்ப் பிசுக்குமாக, கூப்பிய கையைப் பிரிக்காமலே கடைவீதி வழியாக நடந்து, கிராம நிர்வாக அலுவலகத்துக்கு வந்து, மனுக் கொடுக்க நின்றவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றான். டோக்கன் பதினாலு கொடுத்தார்கள்.

முழு உயரமே மூன்றரை அடி. மூக்கு எப்போதோ உடைந்து போயிருந்தது. வழியில் பார்த்தவர்கள் யாரும் அலறவில்லை, ஓடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் அசருகிறவர்கள் இல்லை, தெருக்குழாயில் தண்ணீர் வந்தால்தான் ஆச்சரியப்படுவார்கள். கூப்பிய கையோடு அரசன் எதிரே வரவும், தன்னைத்தான் கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்ட கறிக்கடைக்காரர், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பெருந்தன்மையோடு கத்தியை ஆட்டினார். டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இம்புட்டு உசரந்தானா? பேனர்ல ஆறடி போட்டிருந்தானுவளே" என்றார்.

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த வி.ஏ.ஓ. கோமளவல்லிக்கு வயது நாற்பத்தேழு. பன்னிரண்டு வருஷமாக அந்த ஊருக்குப் பிறப்பு, இறப்பு, வாரிசு, வருமானம் என்று எழுதி எழுதி, ஊரின்மேல் இருந்த மரியாதை அத்தனையும் பேனா வழியாகவே வடிந்துபோனவள். இந்த ஊரில் உயிரோடு இருப்பவனைவிடச் செத்தவனுக்குத்தான் மதிப்பு, அதுவும் செத்து எண்ணூறு வருஷம் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம் என்பது அவளுடைய முடிவு. அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அரசனைப் பார்த்தாள்.

"என்ன மனு?"

"என் தாயின் பேர் கோயில் சுவரில் இருந்தது. கொத்தி எடுத்தாயிற்று. எண்ணூறு வருஷம் வாயால் சொல்லாமல் இருந்ததில் எனக்கும் மறந்துவிட்டது. அது எனக்கு வேண்டும்."

"அப்பா பேரு?"

"சூரியன் என்று எழுதி வைத்திருக்கிறது."

"அவருக்கு எந்த ஊர்னு போடறது?" என்றாள் கோமளவல்லி. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். "கையெழுத்தா, கைநாட்டா?"

அரசன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "பிரியாது" என்றான்.

"மேடம், ஆதார் கார்டு வாங்கணுமே" என்று தலையாரி இடையில் புகுந்தான். "கல்லுக்கு ஏதுய்யா ஆதார்? போயி வேலையப் பாரு" என்று அவனை விரட்டிவிட்டு, மனுவைப் பதிவேட்டில் ஏற்றினாள்.

அவளுக்கு அன்று அரசனைவிடப் பெரிய கவலை டோக்கன் பதின்மூன்று. அது நாகப்பனும் அவன் மகள் செவ்வந்தியும். நாகப்பன் பூம்பூம் மாட்டுக்காரன். உறுமியைத் தேய்த்துக்கொண்டு, கழுத்து நிறையச் சலங்கை கட்டிய பெருமாள் என்கிற மாட்டை வீடு வீடாக நடத்திப் போய், நல்ல காலம் பிறக்குமா என்று கேட்டு அதைத் தலையாட்ட வைத்து, அரிசியும் பழந்துணியும் வாங்குகிற கூட்டம். ஏரிக்கரையில் பதினோரு குடிசை. செவ்வந்திக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழ் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். ஆனால் அவர் கேட்பதோ, ஐம்பது வருஷத்துக்கு முந்தியே இந்தக் கூட்டம் இந்த ஊரில் குடியிருந்ததற்கும், இன்ன சாதிதான் என்பதற்கும் ஆதாரம். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனிடம் பத்திரமா இருக்கும்? ஏரிக்கரை ஊர்க்கணக்கில் கரை என்றுதான் இருந்தது, அதன்மேல் ஆள் இருப்பதாக எந்த மகராசனும் எழுதவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் செவ்வந்தியின் அக்கா மாரக்கா இதே மனுவோடு வந்தபோது, "ஆதாரம் ஏதுமில்லை, பரிந்துரைக்க இயலவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பியவள் கோமளவல்லிதான். சட்டப்படி சரியான வரி. மாரக்கா இப்போது செங்கல் சூளையில் கல் சுமக்கிறாள். செவ்வாய்ச் சந்தையில் எதிர்ப்பட்டால், முழங்கை வரை செம்மண் அப்பிய கையைத் தூக்கி, "வணக்கம் மேடம்" என்பாள். ஒருநாளாவது திட்டித் தொலைத்தால் தேவலை என்று கோமளவல்லிக்கு இருக்கும். அந்த வணக்கத்தைப் போல அவளை வெட்கப்பட வைத்தது வேறொன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாச்சும் பாருங்க தாயி" என்றான் நாகப்பன். செவ்வந்தி தன் பக்கத்தில் நின்ற கல் அரசனுடைய தோளிலிருந்த வவ்வால் எச்சத்தைச் சுரண்டி விட்டாள்.

இனி அரசன் கதைக்கு வருவோம். கண்டராயன் ஏழு ஊரைப் பிடித்தவன். அதில் மூன்று அவன் மாமனாருடையவை. அப்படிப்பட்ட மகா சக்கரவர்த்தியைத்தான் மேலத்தெரு, கீழத்தெரு, கடைத்தெரு என்று மூன்று தெருச் சங்கங்களும் எங்கள் குலத்தவன் என்று முப்பது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தன. எந்தத் தெரு எந்தச் சாதி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலாவதாக ஒரு சங்கம் கிளம்பும். அரசனுக்கு வருஷத்தில் மூன்று பிறந்தநாள், மூன்று மாதிரி மீசை. கல்வெட்டில் அவன் தகப்பன் சூரியன் என்று இருந்தது. சூரியனுக்கு எந்தத் தெருவில் வீடு என்பதுதான் தகராறு. தாய் பெயர் இருந்த இடம் மட்டும் உளியால் கொத்தி வழித்திருந்தது, அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. போதாததற்கு அரசனுக்கு மணிமண்டபம் கட்டப்போவதாகவும், அவன் சாதிக்காரர்கள் வசிக்கும் தெருவிலேயே கட்டுவதாகவும் அந்த வருஷம் அரசாங்க அறிவிப்பு வந்திருந்தது.

ஆகவே அரசன் நடந்து வந்தான் என்று கேட்டதும், எப்படி நடந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெரு வழியாக நடந்தான் என்றுதான் கேட்டார்கள்.

மூன்று நாள் அவனைத் தெருத்தெருவாகக் கூட்டிப் போனார்கள். மேலத்தெருச் சங்கத் தலைவர் தணிகாசலம், தன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அரசனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார், அது உடைந்தது, வம்சப் பெருமை விட்டுப்போகக்கூடாதென்று இன்னொன்று போட்டார், அதுவும் உடைந்தது. நின்றவாக்கிலேயே ஒரு மீசையைப் பசை போட்டு ஒட்டிப் படம் பிடித்துக்கொண்டார்கள். கீழத்தெருச் சங்கத்துக்குத் தலைவர் ஒரு வக்கீல். அவர் நாடா கொண்டுவந்து அரசனின் காதை அளந்து, தன் இரண்டு மகன்களின் காதையும் கூட்டத்தின் முன்னால் அளந்து, "பாத்துக்குங்க, அச்சு அசல் எங்க வீட்டுக் காது" என்றார். கடைத்தெருச் சங்கத்தை நடத்துகிற மளிகைக்காரர் அவரையும் விஞ்சினார். அரசனை அரிசி ஆலை எடைமேடையில் ஏற்றி, முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று கண்டு, "இந்தக் கனம் வேற எந்தச் சாதியில இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று சவால் விட்டார். அவரும் நல்ல கனம்தான்.

அரசன் ஒவ்வொரு தெருவிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "என் தாயின் பேர் உங்களுக்குத் தெரியுமா?"

தகப்பன் பெயர் சொன்னார்கள், பாட்டன் பெயர் சொன்னார்கள், நாற்பது தலைமுறைக்கு மேலே போய், புராணத்துக்குள் நுழைந்து, இந்திரனுக்குப் பங்காளி முறை என்று நிரூபித்தார்கள். அச்சடித்த புத்தகங்களை அவன் கூப்பிய கைகளின் இடுக்கில் செருகி அனுப்பினார்கள். தாய் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "அம்மா பேரு எதுக்கு ராசா?" என்றார் தணிகாசலம். "நல்ல குடும்பத்துப் பொம்பளையாத்தான் இருந்திருக்கும்."

ஒவ்வொரு தெருவிலிருந்தும் அவன் திரும்பி வந்து, வி.ஏ.ஓ. அலுவலக வாசலில் புங்கமரத்தடியில் நின்றுகொள்வான். மனு அங்கேதானே இருக்கிறது. புதன்கிழமைக்குள் ஊருக்கு அவன் பழகிவிட்டான். வருகிறவர்கள் அவன்மேல் சைக்கிளைச் சாத்தினார்கள், ஒருத்தி குடையை மாட்டினாள், எதிர்வீட்டுக்காரர் துவைத்த துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவன் கழுத்தில் கட்டினார். குலதெய்வம் என்று மேடையில் முழங்கிய அதே வாய்கள்தான், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, வண்டி எடுக்கணும்" என்றன.

புதன்கிழமை மாலை கோட்டாட்சியர் போன் செய்தார். "நாளைக்கே ஊர்க்கூட்டம் போட்டு அந்த ராசா எந்தச் சாதின்னு முடிவு பண்ணி அறிக்கை அனுப்புங்கம்மா. மேலேர்ந்து குடையறாங்க."

"சார், ஏரிக்கரைப் பொண்ணோட ஃபைல் ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஊரே கொதிச்சுக்கிட்டு இருக்கு, மாட்டுக்காரங்கள அப்புறம் பாத்துக்கலாம்."

எண்ணூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவனுக்கு நாளைக்கே வேண்டும். உயிரோடு வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு அப்புறம். கோமளவல்லி போனை வைத்துவிட்டு, தன் பழைய ஒற்றை வரியை நினைத்துப் பல்லைக் கடித்தாள். மற்றவர்கள்மேல் காறித் துப்பலாம், அந்த வரியின்மேல் எப்படித் துப்புவது?

வியாழக்கிழமை காலை புங்கமரத்தடியில் ஊர் கூடியது. மூன்று தெருவும் மூன்று பக்கமாக, நடுவில் கல் அரசன், அவன் எதிரே மேசை போட்டுக் கோமளவல்லி. தணிகாசலம் ஒரு மணி நேரம் பேசினார். வக்கீல் காதைப் பற்றிப் பேசினார். மளிகைக்காரர் எடைச்சீட்டைத் தூக்கிக் காட்டினார். பேச்சு தடித்து, ஒருவர் இன்னொருவரின் தாயைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொல்ல, தாயைப் பற்றி அந்த ஊரில் அன்றைக்குப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று கோமளவல்லி நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நாகப்பன் வந்தான். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டுவிட்டுப் போகத் தொழிலுக்குப் போகிற வழியில் வந்தவன், மாட்டையும் பிடித்துக்கொண்டே வந்திருந்தான். திங்கட்கிழமை அதைக் கூட்டி வரவில்லை. போன தடவை வாசலில் சாணம் போட்டது என்று தலையாரி கத்தியிருந்தான். கூட்டத்தைக் கண்டு மிரண்ட பெருமாள் கழுத்தை ஒரு உலுக்கு உலுக்கியது. அத்தனை சலங்கையும் ஒன்றாகக் குலுங்கின.

கல் அரசன் தலை நிமிர்ந்தான். விறகு பிளக்கிறது போல ஒரு சத்தம் கேட்டது. எண்ணூறு வருஷமாகக் கூப்பியிருந்த கைகள் பிரிந்தன. உள்ளங்கையில், பச்சை பூத்துப்போய், நெல்லிக்காய் அளவில் ஒரு சலங்கை மணி இருந்தது. அவன் அதை ஆட்டினான். பெருமாள், நல்ல காலம் பிறக்குமா என்று யாரோ கேட்டதாக நினைத்துக்கொண்டு, மூன்று முறை தலையாட்டியது.

"கங்கவ்வை" என்றான் அரசன். "என் தாயின் பேர் கங்கவ்வை. ஏரிக்கரையில் குடிசை. மாட்டுக்குப் பின்னால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு ஊரும் நடப்பாள். ஏழு ஊர் அரிசியிலும் வளர்ந்தவன் நான். அப்புறம் படைக்குப் போனேன், தலைவனானேன், பெண் கொடுத்தார்கள். ஏழு ஊர் வழியும் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பிடித்தேன். கோயில் எழும்பியபோது அவள் பேரைச் சுவரில் வெட்டச் சொன்னேன். மாமனார் வந்து பார்த்துவிட்டு, இது இருக்கக்கூடாது என்றார்." மணியை விரலால் ஒருமுறை தடவினான். "யார் கொத்தினார்கள் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கொத்தச் சொன்னது நான்தான். மணியை மட்டும் மறைத்து வைத்துக்கொண்டேன்."

மூன்று தெருவும் முப்பது வருஷத்தில் முதல்தடவையாக ஒரே குரலில் கத்தின.

"இவன் எங்க ஆளு இல்ல!"

"அப்பவே சொன்னேன், அந்தக் காது எங்க வீட்டுக் காதே இல்ல!"

"பிச்சைக்காரப் பயலையா நாங்க பேனர்ல போட்டோம்?"

தணிகாசலம் எழுந்துபோய் அரசன் முகத்தில் ஒட்டியிருந்த மீசையைப் பிய்த்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாகப்பன் ஒன்றும் புரியாமல் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்தான். மூன்று தெருக்காரர்களின் முகத்திலும் இருந்த அருவருப்பைக் கோமளவல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவந்த அதே முகங்கள்தான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த அருவருப்பால் ஒரு காரியம் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "வாய்ச்சொல் செல்லாது. உங்க ஆளு இல்லேன்னா எழுதிக் குடுங்க. சங்க லெட்டர்பேடுல, முத்திரையோட. இல்லாட்டி நாளைக்கு அறிக்கையில மூணு தெருவும் உரிமை கோரியதுன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும். மாட்டுக்காரங்களும் நீங்களும் ஒரே வம்சம்னு ஆயிடும்."

லெட்டர்பேடு கொண்டுவர ஆள் ஓடியது. அந்த ஊரில் சாவுக்குக்கூட யாரும் அப்படி ஓடியதில்லை.

"என்னன்னு எழுதறது மேடம்?" என்றார் மளிகைக்காரர்.

"எங்களுக்கு உறவில்லைன்னு மட்டும் எழுதினா பத்தாது. பின்ன யாருன்னு கேப்பாங்க. அந்தக் காலத்துலேர்ந்து ஏரிக்கரையில குடியிருக்கிற பூம்பூம் மாட்டுக்காரர் வகையறான்னு தெளிவா எழுதுங்க. இப்ப இருக்கிற பதினோரு குடும்பமும் அதே வழியில வந்தவங்கன்னும் போட்டா உங்களுக்குப் பாதுகாப்பு."

பாதுகாப்பு என்ற வார்த்தை வேலை செய்தது. மேலத்தெரு எழுதியதைப் பார்த்துக் கடைத்தெரு இன்னும் அழுத்தமாக எழுதியது. வக்கீலோ நான்கு பக்கம் எழுதினார். கல்வெட்டில் கொத்தப்பட்ட இடம், சலங்கை மணி, ஏரிக்கரையின் எல்லை, எட்டு நூற்றாண்டுத் தொடர்ச்சியான குடியிருப்பு என்று வரிசையாக அடுக்கி, அந்தக் கூட்டத்தின் சாதியை ஐயம் திரிபற நிறுவினார். சட்டம் படித்தவர் எழுதியது, ஒரு ஓட்டை இல்லை. கையெழுத்துப் போட வரிசை வாசல் தாண்டி நின்றது. யாராவது கையெழுத்துப் போடாமல் விட்டால் அவர்மேல் சந்தேகம் வரும் என்று பேச்சுக் கிளம்பி, வெளியூர் போயிருந்தவர்களும் பஸ் பிடித்து வந்து போட்டார்கள். மொத்தம் நானூற்றுப் பதினொன்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கோமளவல்லி அத்தனையையும் செவ்வந்தியின் மனுவோடு சேர்த்துக் கட்டிக் கோட்டாட்சியர் மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது? ராசா ஃபைலா, பொண்ணு ஃபைலா?"

"ஐம்பது வருஷத்துக்கு ஆதாரம் கேட்டீங்க சார். எண்ணூறு வருஷத்துக்கு இருக்கு. மூணு சங்கமும் சாட்சி. செல்லாதுன்னு நீங்க எழுதினா, ராசா திரும்ப அவங்க ஆளாயிடுவாரு. அவங்க மூணு தெருவும் சாயங்காலத்துக்குள்ள இங்க வந்துரும்."

கோட்டாட்சியர் ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நாலே முக்கால் மணிக்குச் சான்றிதழ் கல்லூரி அலுவலகத்தில் இருந்தது. செவ்வந்தி அதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு சீட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மணிமண்டபத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பேனர்களை மடக்கி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டார்கள். அரசன் கோயிலுக்குத் திரும்பவில்லை. சனிக்கிழமை காலை நாகப்பன் தொழிலுக்குக் கிளம்பியபோது அவனும் பெருமாளுக்குப் பின்னால் நடந்தான். மூன்றரை அடிக் கல்லாள் ஒருவன் விரித்த கையில் மணியை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள், மாட்டுக்கு ஒரு படி, அவனுக்கு அரைப் படி என்று போட்டார்கள்.

திங்கட்கிழமை மனு நாள். கோமளவல்லி பதிவேட்டைத் திறந்து, போன வாரத்து டோக்கன் பதினாலுக்கு நேரே, "மனுதாரர் கேட்டது: தாயின் பெயர். கங்கவ்வை" என்று எழுதி, முடிக்கப்பட்டது என்று முத்திரை குத்தினாள். நிமிர்ந்தபோது தணிகாசலம் எதிரே நின்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து, தாங்கள் எழுதிக் கொடுத்தது எதற்கு உதவியது என்பதை ஊர் கண்டுபிடித்துவிட்டது.

"மேடம், அந்தக் கடுதாசி. அவசரத்துல எழுதிட்டோம். திருப்பிக் குடுத்துருங்க."

"டோக்கன் எடுத்தீங்களா? உங்களுக்கு முன்னால ஆள் இருக்கு."

முன்னால் நின்றது மாரக்கா. முழங்கை வரை செம்மண். சூளையிலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் இரண்டு வருஷத்துக்கு முந்திய மனுவின் மடிப்புக் கிழிந்த நகல். "வணக்கம் மேடம்" என்றாள்.

கோமளவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் மனுதாரர் யாருக்கும் எழுந்ததில்லை. "அன்னிக்கு நான் எழுதினது தப்பும்மா" என்றாள். மாரக்கா நகலை நீட்டினாள்.

கோமளவல்லி மேலத்தெருக் கடிதத்தின் ஒரு நகலை எடுத்து அந்த மனுவோடு சேர்த்து, பேனாவைத் திறந்து, தணிகாசலத்தின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. இதுல உண்மை நகல்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் திருப்பி வாங்கத்தானே வந்தேன்?"

"வாங்கிக்கலாம், உங்க இஷ்டம். வாங்கிட்டா ராசா உங்க சொந்தக்காரரு. அவங்க அம்மா கங்கவ்வை உங்களுக்கு ஆத்தா முறை. இந்தப் பொண்ணு பங்காளி வீட்டுப் பொண்ணு. பேனர் போட்டுரலாமா?"

தணிகாசலம் மாரக்காவின் செம்மண் கையைப் பார்த்தார். வாசலில் வரிசையில் நின்ற தன் தெருக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், ஏரிக்கரைப் பக்கம், இரு விதமான மணிச் சத்தம் கேட்டது, ஒன்று மாட்டுடையது. அவர் சட்டைப்பையில் கைக்குட்டைக்காகத் துழாவினார், கையோடு அந்த ஒட்டுமீசை வந்தது, அதை அவசரமாக உள்ளே திணித்துவிட்டு, குனிந்து கையெழுத்துப் போட்டார்.